வழக்கு முடிந்த பிறகும் திறக்காத லாக்கப்: பாஸ்டன் டிடெய்னர் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

2017 பிப்ரவரி 6 அன்று பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஒருவர் மீதான குற்ற வழக்கு தள்ளுபடியானது. மாநிலத்தில் அவர் மேல் வேறு வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை. அத்தோடு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நீதிமன்றக் கட்டடத்திலேயே இருக்கும் லாக்கப்பில் அவரை வைத்துப் பூட்டினார்கள். மத்தியக் குடியேற்றத் துறை மூன்றரை மாதத்துக்கு முன்பே அனுப்பியிருந்த, ‘டிடெய்னர்’ என்ற ஒரு படிவம்தான் காரணம். சில மணி நேரம் கழித்து அந்தத் துறையின் அதிகாரிகள் வந்து அவரைத் தங்கள் காவலில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எந்தச் சட்டத்தின் பேரில் அந்தச் சில மணி நேரம் அவரைப் பூட்டி வைத்தீர்கள் என்ற கேள்வி, ஆறு மாதத்துக்குள் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பாக முடிந்தது. மாநிலக் காவலர்கள் மத்தியக் குடியேற்றத் துறைக்கு எதுவரை கைகொடுக்கலாம் என்ற விவாதத்தில் இன்றும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வைக்கும் தீர்ப்புகளில் அது ஒன்று. சம்பந்தப்பட்டவரின் பெயர் தீர்ப்பின் தலைப்பிலேயே இருந்தாலும், இங்கே அவரை ‘மனுதாரர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி: அந்தப் படிவம் எப்படி வந்து சேர்கிறது

அமெரிக்காவில் யார் உள்ளே வரலாம், யாரை வெளியேற்றலாம் என்பதை மத்திய அரசு தீர்மானிக்கிறது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும், எல்லாரும் ‘ஐஸ்’ என்று சொல்லும் அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. தெருவில் ரோந்து போவது, கைது செய்வது, லாக்கப்பைப் பூட்டுவது எல்லாம் நகரக் காவல்துறை, கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஷெரீஃப், மாநிலப் போலீஸ் ஆகியோரின் வேலை. அந்தக் காலத்தில் ஐஸ் அமைப்பிடம் நாடெங்கும் ஆட்களைத் தேடித் திரியும் அளவுக்கு அதிகாரிகள் இருக்கவில்லை. ஏற்கனவே பிடிபட்டு உள்ளே இருப்பவர்களை வாங்கிக்கொள்வதுதான் அதற்குச் சுலபம்.

2008-ல் தொடங்கிய ‘செக்யூர் கம்யூனிட்டீஸ்’ திட்டம் இதற்குப் பாதை போட்டது. உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒருவரின் கைரேகையை எடுத்தால் அது வழக்கம்போல எஃப்.பி.ஐ.க்குப் போகும், அங்கிருந்து தானாகவே குடியேற்றத் துறையின் தரவுத்தளத்துக்கும் போய்விடும். பொருந்தினால் ஐஸ் ஒரு டிடெய்னரை அனுப்பும். இவரை நீங்கள் விடுவிக்க வேண்டிய நேரம் வந்த பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்பதே அதன் சாரம். 2016-ல் இதற்கு ஐ-247டி என்ற படிவம் பயன்பட்டது. அதில் கையெழுத்துப் போடுபவர் ஒரு குடியேற்ற அதிகாரி. நீதிபதி யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். ஒன்று, நாடு கடத்தப்படத் தக்க நிலையில் ஒருவர் அமெரிக்காவில் இருப்பது பொதுவாகக் குற்றம் அல்ல. அது சிவில் விவகாரம். 2012-ல் அரிசோனா மாநிலத்தின் குடியேற்றச் சட்டம் பற்றிய வழக்கில் மத்திய உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, மத்திய அரசு தன் திட்டத்தை நடத்தித் தரும்படி மாநில அதிகாரிகளுக்கு உத்தரவு போட முடியாது. இந்த இரண்டாவது விதி உறுதியான 1997 வழக்குக்கும் குடியேற்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையை மத்தியச் சட்டம் தங்கள் தலையில் கட்டியதை எதிர்த்து மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இருந்த ஷெரீஃப்கள் போட்ட வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் வலதுசாரிகளின் அபிமான நீதிபதி ஆண்டனின் ஸ்காலியா. அன்று அதைக் கொண்டாடியவர்களும் இன்று அதை மேற்கோள் காட்டுபவர்களும் பெரும்பாலும் எதிரெதிர் முகாமைச் சேர்ந்தவர்கள்.

2014-ல் இந்த இரண்டும் டிடெய்னரில் வந்து சந்தித்தன. பென்சில்வேனியாவில் அமெரிக்கக் குடிமகன் ஒருவரையே டிடெய்னரைக் காட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது சரக மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், டிடெய்னர் வெறும் கோரிக்கைதான், கட்டளை இல்லை என்றது. கோரிக்கைதான் என்றால் அதை ஏற்று ஒருவரைப் பிடித்து வைத்த கவுண்டி அதற்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். மேலிடம் சொன்னது, செய்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது. அதே ஆண்டு ஓரிகனில் ஒரு மத்திய நீதிமன்றம், டிடெய்னரை மட்டும் நம்பி ஒரு பெண்ணை வைத்திருந்த கவுண்டி, நியாயமற்ற சோதனையையும் கைதையும் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை மீறிவிட்டது என்றது. பல கவுண்டிகள் டிடெய்னரை மதிப்பதை நிறுத்தியது இதற்குப் பிறகுதான். பரிவை விட நஷ்ட ஈட்டு பயம் அதில் பெரிய பங்கு வகித்தது என்பது என் கணிப்பு.

2017 தொடக்கத்தில் மாசசூசெட்ஸ்

மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி இருக்கவில்லை. பாஸ்டன் நகராட்சி 2014 ஆகஸ்டில் ‘டிரஸ்ட் ஆக்ட்’ என்ற நகரச் சட்டத்தை நிறைவேற்றி, டிடெய்னரை மட்டும் வைத்து நகரக் காவல்துறை யாரையும் பிடித்து வைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருந்தது. மாநிலப் போலீஸ் விஷயத்தில் ஆளுநர் சார்லி பேக்கர் 2016-ல் எதிர்த்திசையில் போனார்: முன்னிருந்த தடையைத் தளர்த்தி, கடுமையான பின்னணி உள்ளவர்களை ஐஸ் கேட்டால் பிடித்து வைக்கலாம் என்றார். பிரிஸ்டல், பிளைமவுத் கவுண்டி ஷெரீஃப்கள் 2017 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், 287(ஜி) என்ற மத்தியச் சட்டப் பிரிவின் கீழ் ஐஸ் அமைப்போடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின்படி பயிற்சி பெற்ற உள்ளூர் அதிகாரிகள் ஐஸ் மேற்பார்வையில் குடியேற்ற அதிகாரிகளின் சில வேலைகளைச் செய்யலாம்.

நீதிமன்றக் கட்டடத்துக்குள் கைதிகளைக் கூட்டி வருவதும் லாக்கப்பைப் பார்த்துக்கொள்வதும் நீதிமன்றக் காவலர்கள். அவர்கள் மாநில விசாரணை நீதிமன்றத்தின் ஊழியர்கள். நகரத்தின் டிரஸ்ட் ஆக்ட் அவர்களைக் கட்டுப்படுத்தாது. மாநிலப் போலீஸின் கொள்கையும் அவர்களுக்குப் பொருந்தாது. டிடெய்னர் வந்தால் என்ன செய்வது என்று எந்தச் சட்டமும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரே ஊரில் ஒருவரைப் பூட்டி வைக்கலாமா கூடாதா என்பது, சாவியை வைத்திருப்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்திருந்தது.

இதற்கு மேல் அந்தக் காலத்தின் சூடு. புதிய அதிபர் டொனால்ட் டிரம்ப் 2017 ஜனவரி 25-ல் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். குடியேற்ற அமலாக்கத்துக்கு ஒத்துழைக்காத நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் மத்திய நிதியை நிறுத்துவோம் என்பது அதன் மிரட்டல். மனுதாரரின் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அந்த ஆணைக்கு வயது இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

2016 அக்டோபரிலிருந்து பிப்ரவரி 6 வரை

மனுதாரர் அகதிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். அவரை நாடு கடத்தும் உத்தரவு ஏற்கனவே இருந்தது. ஏற்றுக்கொள்ள எந்த நாடும் முன்வராததால் அது நிறைவேறாமல் கிடந்தது.

2016 அக்டோபர் 24 அன்று, ஆயுதமின்றிக் கொள்ளையடித்ததாக ஒரே ஒரு குற்றச்சாட்டில் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டார். டிடெய்னர் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. அதாவது நீதிபதி முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஐஸ் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. ஜாமீன் தொகை நிர்ணயிக்கப்பட்டது, அவர் கட்டவில்லை. டிடெய்னர் உள்ள பலர் கட்டுவதில்லை. பணத்தைக் கட்டி இந்தச் சிறையிலிருந்து வெளியே வந்தால் ஐஸ் வாசலில் நிற்கும், பணமும் முடங்கும் என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. இவர் விஷயத்தில் காரணம் அதுதான் என்று நான் சொல்லவில்லை. எப்படியோ, விசாரணை வரை அவர் கவுண்டி சிறையில் இருந்தார்.

பிப்ரவரி 6 அன்று விசாரணைக்காகச் சிறையிலிருந்து அழைத்து வந்தார்கள். அரசுத் தரப்பு தயாராக இல்லை. வாய்தா கிடைக்கவில்லை; வழக்கை நடத்தத் தவறியதற்காக அது தள்ளுபடியானது. அவருடைய வழக்கறிஞர் எழுந்து, டிடெய்னர் ஒன்று நிலுவையில் இருக்கிறது, அதைப் பொருட்படுத்தாமல் என் கட்சிக்காரரை விடுவிக்க உத்தரவிடுங்கள் என்று கேட்டார். நீதிபதி அந்தக் கோரிக்கையில் தலையிடவில்லை. விடுவிக்கவும் சொல்லவில்லை, தலையிடாததால் பூட்டு தொடர்ந்தது.

பூட்டிய அறையில் கவனிக்க வேண்டியவை

அந்த நேரத்தில் அவரைப் பூட்டி வைத்திருந்தவர்கள் மத்திய அதிகாரிகள் அல்ல, மாநில ஊழியர்கள். இடம் மாநிலத்தின் கட்டடம். குற்ற வழக்கு எதுவும் இல்லை. நீதிபதியின் வாரண்ட் இல்லை. அவரைப் பிடித்து வைக்கும்படி நீதிபதி உத்தரவு போட்டதாகவும் இல்லை. எஞ்சியது டிடெய்னர் மட்டுமே.

தள்ளுபடிக்குச் சற்று முன்பும் பின்பும் அந்த அறையில் துல்லியமாக என்ன நடந்தது என்பது ஆவணங்களிலிருந்து தெளிவாகவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் பிறகு எழுதியது. எத்தனை மணிக்குப் பூட்டினார்கள், எத்தனை மணிக்கு ஐஸ் வந்தது என்பதற்கும் சரியான பதிவு கிடைக்கவில்லை. ‘குறைந்தது பல மணி நேரம்’ என்ற அளவில்தான் தீர்ப்பு பேசுகிறது. ஒரு மனிதனின் சுதந்திரம் பறிபோன நேரத்தைப் பற்றி இவ்வளவுதான் எழுத்தில் இருக்கிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை

பிப்ரவரி 7 காலை வழக்கறிஞர் மாநில உச்ச நீதிமன்றத்தின் தனி நீதிபதியிடம் மனுப் போட்டார். கீழ் நீதிமன்றங்களைக் கண்காணிக்கும் தனி அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. அதன் கீழ்தான் மனு. டிடெய்னரை வைத்துப் பிடித்து வைக்க மாநில நீதிமன்றத்துக்கும் அதன் காவலர்களுக்கும் அதிகாரம் இல்லை, எனவே விடுவிக்க உத்தரவிட வேண்டும் என்பது வேண்டுதல். மனு வந்து சேர்ந்தபோது மனுதாரர் மத்தியக் காவலில் இருந்தார். மாநில நீதிபதியால் மத்தியச் சிறைக் கதவைத் திறக்க முடியாது.

கேட்ட நிவாரணம் காலாவதியாகிவிட்டதால் மனுவை அங்கேயே முடித்திருக்கலாம். தனி நீதிபதி முடிக்கவில்லை. இது திரும்பத் திரும்ப வரப் போகிற கேள்வி. ஒவ்வொரு முறையும் சில மணி நேரத்தில் ஐஸ் வந்துவிடும், மேல் நீதிமன்றம் பார்ப்பதற்குள் கேள்வி செத்துவிடும். அதனால் முழு அமர்வே பார்க்கட்டும் என்று அனுப்பினார். இந்த விவகாரத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே அதிக விளைவு உண்டாக்கியது இதுதான் என்பேன். இது இல்லாவிட்டால் தீர்ப்பு இல்லை.

யார் என்ன சொன்னார்கள்

ஏப்ரலில் வாதம் நடந்தது. மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் மோரா ஹீலியின் அலுவலகம் கீழ் நீதிமன்றம் செய்ததை ஆதரிக்கவில்லை. மாநிலச் சட்டத்தில் இதற்கு அதிகாரம் இல்லை என்ற மனுதாரரின் நிலையையே எடுத்தது. எதிர்வாதம் மத்திய அரசின் நீதி அமைச்சகத்திடமிருந்து வந்தது. அவர்கள் வழக்கில் கட்சி அல்ல. நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக வந்து வாதிட்டார்கள்.

டிடெய்னர் கட்டாயம் இல்லை என்பதை மத்திய அரசு முதலிலேயே ஒப்புக்கொண்டது. வேறு வழியில்லை, கட்டாயம் என்று சொன்னால் 1997 தீர்ப்பு குறுக்கே நிற்கும். அதனால் வாதத்தைச் சற்று நகர்த்தினார்கள்: மாநிலம் விரும்பினால் ஒத்துழைக்கலாம், அப்படி ஒத்துழைக்கும் அதிகாரம் மாநில அதிகாரிகளுக்கு இயல்பிலேயே உண்டு, மத்தியச் சட்டத்தின் 1357-ஆம் பிரிவும் ஒப்பந்தம் இல்லாத ஒத்துழைப்பை அனுமதிக்கிறது.

ஜூலை 24 தீர்ப்பு

தீர்ப்பு எந்தத் தனி நீதிபதியின் பெயரிலும் வரவில்லை; நீதிமன்றத்தின் பெயரில் வந்தது. குடியேற்றக் கொள்கை நல்லதா கெட்டதா என்ற பக்கமே போகவில்லை. அதன் ஓட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

விடுதலையாக வேண்டிய ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைப்பது கைதுதான். ‘காவலை நீட்டித்தோம்’ என்று வேறு பெயர் வைத்தாலும் மாறாது. பழைய வழக்கு முடிந்த இடத்தில் அந்தக் காவல் முடிந்துவிட்டது. அடுத்த நிமிடம் முதல் நடப்பது புதிய கைது. கைதுக்கு அதிகாரம் வேண்டும். மாநில அதிகாரிக்கு அந்த அதிகாரத்தை மாநிலச் சட்டம்தான் தர முடியும்.

சரி, மாநிலச் சட்டத்தில் தேடலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்ய மாசசூசெட்ஸின் மரபுச் சட்டம் அனுமதிப்பது பெருங்குற்றம் நடந்ததாக நம்பத் தக்க காரணம் இருக்கும்போது. சிறு குற்றமென்றால் அது அமைதியைக் குலைப்பதாகவும் அதிகாரியின் கண்ணெதிரே நடப்பதாகவும் இருக்க வேண்டும். இரண்டுமே குற்றம் சம்பந்தப்பட்டவை. குடியேற்ற மீறல் சிவில் விவகாரம் என்பதால் இந்த வழி அடைபடுகிறது. எழுதப்பட்ட சட்டங்களில் சிவில் காரணத்துக்காகப் பிடித்து வைக்க அனுமதிப்பவை சில உண்டு: நிதானமில்லாத அளவுக்குக் குடித்தவர், மனநலச் சிக்கலால் ஆபத்தில் இருப்பவர் போன்றோருக்கு. அவை ஒவ்வொன்றும் யாரை, எதற்காக, எவ்வளவு நேரம் என்று வரம்பு கட்டி எழுதப்பட்டவை. குடியேற்றத்துக்கு அப்படி ஒன்று எழுதப்படவில்லை.

மத்திய அரசு சொன்ன 1357-ஆம் பிரிவு? அது ஒத்துழைப்பைத் தடுக்கவில்லை என்பது வேறு, கைது அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பது வேறு. இல்லாத அதிகாரத்தை அது மாநில ஊழியருக்குக் கொடுக்கவில்லை என்றது நீதிமன்றம். ‘இயல்பான அதிகாரம்’ என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. இதுவரை யாரும் அங்கீகரிக்காத, எல்லை வரையறுக்காத ஒரு கைது அதிகாரத்தை நீதிமன்றமே உருவாக்கிக் கொடுப்பது சரியல்ல. வேண்டுமானால் சட்டமன்றம் செய்யட்டும் என்று விட்டுவிட்டது.

ஆக, தடை எதுவும் இல்லாத இடத்திலேயே தடுத்துவிட்டது இந்தத் தீர்ப்பு. ‘டிடெய்னரை மதிக்காதே’ என்று மாசசூசெட்ஸில் ஒரு சட்டமும் சொல்லவில்லை. ‘பிடித்து வை’ என்றும் எதுவும் சொல்லவில்லை. குடிமக்கள் விஷயத்தில் தடுக்கப்படாததெல்லாம் செய்யலாம். சீருடை போட்டவர் விஷயத்தில் அனுமதிக்கப்பட்டதை மட்டுமே செய்யலாம். மத்திய அரசோடு மல்லுக்கட்டாமல், மாநிலத்தின் வெற்றுப் பக்கத்தைக் காட்டியே வழக்கை முடித்ததால், இதை மத்திய உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் உடைப்பதும் கடினம். மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் மாநில உச்ச நீதிமன்றத்தின் சொல்லே இறுதி. மறுபக்கம், சட்டமன்றம் ஒரு பத்தி எழுதினால் இந்தக் கட்டுப்பாடு போய்விடும். பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தீர்ப்பு வந்த அன்று அதைப் ‘புகலிட மாநிலம்’ (குடியேற்ற அமலாக்கத்துக்கு ஒத்துழைக்க மறுக்கும் மாநிலம்) என்று கொண்டாடியவர்களும் திட்டியவர்களும் இந்தப் பகுதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

தீர்ப்பு தொடாதவை

மாநிலச் சட்டத்திலேயே விடை கிடைத்ததால், இப்படிப் பிடித்து வைப்பது அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்ற கேள்விக்குள் போகவில்லை. 287(ஜி) ஒப்பந்தம் போட்ட ஷெரீஃப்களின் அதிகாரத்தைப் பற்றி முடிவு சொல்லவில்லை. தகவல் பகிர்வதை, ‘இவர் இன்ன நேரத்தில் வெளியே வருகிறார்’ என்று ஐஸ் அமைப்புக்குப் போன் செய்வதைத் தடுக்கவில்லை. மத்திய அதிகாரிகள் தாங்களே வந்து கைது செய்வதையும் தடுக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு ஓட்டைகள் வழியாகத்தான் வந்தன.

அதன் பிறகு

ஆளுநர் பேக்கர் ஆகஸ்டிலேயே ஒரு மசோதாவை அனுப்பினார். கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களையாவது டிடெய்னரின் பேரில் பிடித்து வைக்க அதிகாரம் கேட்டார். சட்டமன்றம் நிறைவேற்றவில்லை. எதிர்த்தரப்பு கொண்டுவந்த, ஒத்துழைப்பை இன்னும் இறுக்கும் ‘சேஃப் கம்யூனிட்டீஸ் ஆக்ட்’ மசோதாவும் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் வந்து வந்து தேங்கியது. நீதிமன்றம் நீட்டிய பந்தை இரு தரப்பாலும் அடிக்க முடியவில்லை.

ஐஸ் தன் வேலைமுறையை மாற்றிக்கொண்டது. தீர்ப்புக்கு முன்பே, 2017 ஏப்ரலிலிருந்து ஐ-247ஏ என்ற புதிய படிவம் வந்திருந்தது. அதோடு ஒரு வாரண்டும் இணைக்கப்பட்டது. வாரண்ட் என்ற பெயர் இருந்தாலும் அதிலும் குடியேற்ற அதிகாரியின் கையெழுத்துதான், நீதிபதியின் கையெழுத்து இல்லை. காவலர்கள் பிடித்து வைக்க மாட்டார்கள் என்றானதும் அதிகாரிகள் நீதிமன்றத்துக்கே வந்து காத்திருப்பது கூடியது. லாக்கப்புக்குள் நடந்தது தாழ்வாரத்துக்கும் வாசல் படிக்கும் நகர்ந்தது. சாட்சி சொல்ல வருபவரும், குடும்ப வன்முறை வழக்கில் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வரும் பெண்ணும் அதே தாழ்வாரத்தில்தான் நடக்கிறார்கள். அவர்கள் வரத் தயங்குகிறார்கள் என்று மாவட்ட அரசு வழக்கறிஞர்களே குறை சொன்னார்கள்.

விசாரணை நீதிமன்ற நிர்வாகம் 2017 நவம்பரில் எழுத்துபூர்வ நடைமுறை வெளியிட்டது: காவலர்கள் டிடெய்னருக்காக யாரையும் பிடித்து வைக்கக் கூடாது, ஆனால் ஐஸ் அதிகாரிகள் கட்டடத்துக்குள் வரலாம், லாக்கப் பகுதியில் வைத்து ஒருவரைத் தங்கள் காவலில் எடுத்துக்கொள்ளலாம். தாழ்வாரத்தில் ரகளை வேண்டாம் என்பது இதன் நியாயம். 2018 ஏப்ரலில் நியூட்டன் நகர நீதிமன்றத்தில் இந்த நடைமுறை சோதனைக்கு வந்தது. ஐஸ் அதிகாரி முன்கூடத்தில் காத்திருக்க, அவர் தேடி வந்தவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நீதிபதி மீதும் நீதிமன்றக் காவலர் மீதும் மத்திய அரசு 2019-ல் குற்றம் சாட்டியது, 2022-ல் கைவிட்டது. கதவைப் பூட்டி வைத்தது 2017-ல் பிரச்சினை. கதவைத் திறந்துவிட்டது 2018-ல் பிரச்சினை.

மிடில்செக்ஸ், சஃபோக் கவுண்டிகளின் மாவட்ட அரசு வழக்கறிஞர்களும் பிற அமைப்புகளும் நீதிமன்ற வளாகக் கைதுகளை எதிர்த்து மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 ஜூனில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2020 செப்டம்பரில் முதல் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது.

தீர்ப்பின் தர்க்கம் வேறு மாநிலங்களுக்கும் போனது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நடந்த வழக்கு நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. விசாவில் வந்து காலம் முடிந்த பின்னும் தங்கியிருந்ததாகச் சொல்லப்பட்ட இந்தியக் குடிமகன் ஒருவரை, குற்ற வழக்கு முடிந்த பிறகும் சஃபோக் கவுண்டி ஷெரீஃப் டிடெய்னரின் பேரில் வைத்திருந்தார். (பாஸ்டன் இருக்கும் கவுண்டியின் பெயரும் சஃபோக்தான், இரண்டும் வேறு.) 2018 நவம்பரில் அந்த மாநில மேல்முறையீட்டு அமர்வு ஏறக்குறைய இதே வழியில் நடந்து, இது புதிய கைது, இதற்கு நியூயார்க் சட்டம் அனுமதிக்கவில்லை என்றது. குடியேற்றப் படிவம் என்றால் எல்லைச் சுவரைத் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கைரேகை இயந்திரம் விசா வகையைப் பார்ப்பதில்லை.

டெக்சாஸ் மறுபக்கம் போனது. 2017 மே மாதம் வந்த எஸ்.பி. 4 சட்டம், டிடெய்னரை மதிக்காத ஷெரீஃபுக்கு அபராதமும் பதவி இழப்பும் என்றது; 2018-ல் ஐந்தாவது சரக நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைச் செல்லும் என்றது. பாஸ்டன் தீர்ப்புக்கு இது முரண் அல்ல. மாநிலம் தன் அதிகாரிகளுக்கு என்ன அதிகாரம் தருவது என்பதை மாநிலமே தீர்மானிக்கும் என்றால், தருகிற மாநிலமும் இருக்கும், தராத மாநிலமும் இருக்கும்.

மத்திய அரசு விட்டபாடில்லை. இல்லினாய் மாநிலத்தின் கட்டுப்பாடுகளை எதிர்த்து 2025 பிப்ரவரியில் போட்ட வழக்கை அங்குள்ள மத்திய நீதிமன்றம் ஜூலையில் தள்ளுபடி செய்தது. செப்டம்பரில் பாஸ்டன் நகரத்தின் டிரஸ்ட் ஆக்டை எதிர்த்து வழக்குப் போட்டது.

அடுத்த முறை என்ன மாற வேண்டும்

மனுதாரருக்குத் தீர்ப்பால் அன்று ஒரு பயனும் இல்லை. அவர் போன பிறகுதான் சட்டம் வந்தது. டிடெய்னர் அக்டோபரிலிருந்தே கோப்பில் இருந்தது. இப்படி ஒரு கோப்பைக் கையில் வைத்திருக்கும் எந்த வழக்கறிஞரும், வழக்கு எப்படி முடிந்தாலும் அடுத்த நிமிடம் என்ன கேட்பது என்பதை விசாரணைத் தேதிக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மேல் நீதிமன்றத்துக்கான மனு உட்பட. இடைவெளி மணிக்கணக்கில்தான் இருக்கும் என்பது இப்போது தெரிந்த விஷயம்.

நீதிபதியிடம் கோரிக்கை வரும்போது ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையிடாமல் விட்டால் முடிவு லாக்கப் காவலரின் தலையில் விழுகிறது. அவருக்கு அதற்கான அதிகாரமும் இல்லை, சட்டப் பயிற்சியும் இல்லை.

ஐஸ் தரப்பிலும் ஒன்று. நீதிமன்றத் தேதி ரகசியம் அல்ல. ஆள் தேவையென்றால் அன்று காலை தாங்களே வந்து நிற்பது, குற்றச்சாட்டு ஏதாவது இருந்தால் நீதிபதியிடம் வாரண்ட் வாங்கி வருவது ஆகிய இரண்டு வழிகளும் பிப்ரவரி 6 அன்று திறந்தே இருந்தன.

சட்டமன்றம் பேசாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், ஆனால் மோசமான முடிவு. எந்தப் பக்கமாக இருந்தாலும் எழுதிவிட்டால் நியூட்டனில் நடந்ததுபோல ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொருவர் தன் புத்திக்கு எட்டியபடி நடக்க வேண்டியதில்லை. 287(ஜி) ஒப்பந்தங்கள் பற்றிய கேள்வியும் அதில் சேர வேண்டும். பிரிஸ்டல் ஒப்பந்தம் 2021-ல் முடிந்தது, ஆனால் அதை முடித்தது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, மாநிலம் அல்ல.

லாக்கப்பில் ஒரு பதிவேடு வேண்டும். வழக்கு முடிந்த நேரம், அதன் பிறகும் ஒருவர் உள்ளே இருந்தால் எந்த ஆவணத்தின் பேரில், யார் சொல்லி, எத்தனை மணிக்கு யாரிடம் ஒப்படைக்கப்பட்டார் என்ற விவரங்கள் கையெழுத்தோடு அதில் இருக்க வேண்டும். நகல் அன்றே அவருடைய வழக்கறிஞருக்குப் போக வேண்டும்.